கேரம் போர்டுக்கு முக்காடு போட்ட தேர்தல்

முந்தாநாள் பவித்ரா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது நகரசபையில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தவள். வார்டு மன்றங்கள், மைதானங்கள், படிப்பகங்கள், பூங்கா என்று ஊரில் ஜனங்கள் பொழுதைப் போக்கும் இடங்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மேசை அது.

"சார், எலெக்‌ஷன் வந்துடுச்சு. சாம்பியன் ரீப்ஸ் மன்றத்துல ஒரு போட்டோ மாட்டிகீது இல்ல, ஒரு பொண்ணு கேரம் போர்டு முன்னால உக்காந்துகினு இருக்கும். இந்த வாட்டியும் ஒருத்தருக்குக் கேரம் போர்டு சின்னம் வந்திருக்கு. அந்தப் போட்டோவை மூடணும்னு கம்ப்ளெயின்ட் குடுத்துட்டாங்க. மூடறதா, வேணாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கோ கோபம். "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க, சிரிப்பீங்க. நான் இன்னா பண்றது?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நான் செய்த ஒரு முட்டாள்தனம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அறிவுரை மட்டும் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் எத்திராஜ். அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். நகரசபையில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்ததும் ஆபீசுக்கு வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். "தலைக்கு மேல பாறை இல்ல, பேன் சுத்துது. போதும்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் சில வருடங்கள் பிறப்பு, இறப்புப் பதிவில் கழிந்தன. பிறகு இந்த மேசை. ஓய்வு வரைக்கும் அதை விட்டு எழுந்திருக்கவில்லை.

தேர்தல் வந்தால் எனக்குத் தனி வேலை ஒன்று உண்டு. நடத்தை விதி அமலுக்கு வந்த அன்றே, நகரசபைக் கட்டடங்களில் எங்கெல்லாம் கவுன்சிலர் பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் மூட வேண்டும். திறப்பு விழாக் கல், பூங்கா பெஞ்சு, சறுக்கு மரம், தண்ணீர்த் தொட்டி, ஒன்றையும் விடக்கூடாது. மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, கொஞ்சம் மயில்துத்தம் கலந்து கொள்வோம். கலக்காவிட்டால் காலையில் மாடு வந்து பேப்பரோடு நக்கிவிட்டுப் போய்விடும். எட்டாம் நாள் பசை காய்ந்து பேப்பர் மூலை தூக்கும், திரும்பப் போய் ஒட்ட வேண்டும்.

என் முதல் தேர்தலில், பழைய செய்தித்தாள்களை அள்ளிக்கொண்டு போய் ஒரே நாளில் முப்பது கல்லுக்கு மேல் மூடினேன். பெருமையாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். காலையில் ஆபீஸ் வாசலில் ஒரு கூட்டம். பூங்காக் கல்லில் கவுன்சிலர் பெயரை மறைத்தது சரி. மறைத்த பேப்பரில் ஒரு பெரிய தலைவர் அரைப் பக்கத்துக்குக் கைகூப்பிக்கொண்டு சிரிக்கிறார்! அவசரத்தில் நான் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து மணமகள், மணமகன் தேவைப் பக்கங்களை மட்டும்தான் சேர்த்து வைப்பேன். அதிலும் ஒரு லாபம். எங்கள் ஊர் பாலகாட் வார்டில் ஒரு அம்மா கல்லின் முன்னால் நின்று படித்தே தன் மகனுக்கு வரன் முடித்தார். கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது.

இந்த வேலையால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வேட்பாளர்களின் நோட்டீஸைக் கடைசியிலிருந்து படிப்பேன். முதலில் தண்ணீர் இருக்கும், அடுத்து சாக்கடை, அதற்கடுத்து தெருவிளக்கு. இடம் மிச்சமிருந்தால் அடியில் 'விளையாட்டு, கலை, பண்பாடு' என்று ஒரு தலைப்பு, மூன்று வரி. மைதானம் சீரமைக்கப்படும். உடற்பயிற்சிக் கூடம் நவீனமாக்கப்படும். கலையரங்கம் கட்டப்படும். யார் செய்வார், எப்போது செய்வார் என்பது மட்டும் இருக்காது. ஒரு வார்டில் கலையரங்கத்துக்கு மூன்று தேர்தலில் மூன்று பேர் அடிக்கல் நாட்டினார்கள். மூன்றையும் மூடியவன் நான். அரங்கம் வரவில்லை. கற்கள் மூன்றும் வரிசையாக நிற்பதால் பையன்கள் அவற்றை ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். கலை போனாலும் விளையாட்டாவது வளர்ந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் கமிஷனர் நஞ்சப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின இரண்டு வருடம் அவரிடம்தான் வேலை. மைசூர்ப் பக்கத்துக்காரர். கோபப்படமாட்டார், பாராட்டவும் மாட்டார். எந்தக் கோப்பைக் கொண்டுபோய் வைத்தாலும் திறக்கமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஜோராகி ஓதி" என்பார். சத்தமாகப் படியுங்கள் என்று அர்த்தம். நாம் எழுதிய குறிப்பை நாமே நின்றுகொண்டு படிக்க வேண்டும். எந்த இடத்தில் நமக்கே நாக்கு இடறுகிறதோ அந்த இடத்தில் அவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அவ்வளவுதான். கோப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டியது. எழுதும்போது நியாயமாகத் தெரிந்த எத்தனையோ விஷயம், வாய்விட்டுப் படித்தால் அசட்டுத்தனமாகக் கேட்கும். ஒருமுறை என் விடுப்பு விண்ணப்பத்தைப் படிக்கச் சொன்னார். பாதியில் நானே வாபஸ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி அந்தக் கேரம் போர்டு விவகாரம்.

அது நான் வேலையிலிருந்து பார்த்த கடைசித் தேர்தல். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. சாம்பியன் ரீப்ஸ் வார்டில் பழைய கவுன்சிலர் துரைராஜ் மறுபடியும் சுயேச்சையாக நின்றார். அவரை எதிர்த்து விக்டர் நின்றார். சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறவர், கன்னத்தில் எப்போதும் கொஞ்சம் காற்றை அடக்கி வைத்தது போலவே இருப்பார். இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், ஆனால் போட்டி இவர்கள் இருவருக்கும்தான். துரைராஜுக்கு நாற்காலிச் சின்னம். விக்டருக்குக் கேரம் போர்டு.

எங்கள் ஊரில் கேரம் என்பது சாதாரண விஷயமில்லை. மன்றத்தில் நான்கு பெரிய போர்டுகள் இருந்தன. பென்ஷன்காரர்கள் காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தால் போரிக் பவுடர் வேட்டியெல்லாம் அப்பிக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். சின்னம் ஒதுக்கிய மறுநாளே துரைராஜ் ஒரு புகார் மனுவோடு வந்தார். நகரசபை மன்றத்தில் எதிர் வேட்பாளரின் சின்னம் நான்கு, ஜனங்கள் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருக்கிறது; நடத்தை விதிப்படி உடனே மூட வேண்டும்.

"இன்னா எத்திராஜ், ரிட்டயர் ஆவற நேரத்துல பேரைக் கெடுத்துக்காதே. மேல போவேன் நான்" என்றார்.

'மேலே' என்ற அந்த வார்த்தைக்குத்தான் நான் பயந்தேன். எட்டு மாதத்தை எந்த விசாரணையும் இல்லாமல் ஓட்டிவிட வேண்டும் என்ற ஒரே கவலை. கமிஷனரிடம் போனால் படிக்கச் சொல்வார், நேரமாகும் என்று நானே முடிவு செய்துகொண்டு நேராக மன்றத்துக்குப் போனேன். ஆடிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி, நான்கு போர்டுகளையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஸ்ட்ரைக்கர், காய்கள் எல்லாம் பீரோவுக்குள். "நாங்க இன்னாத்தை ஆடறது, தாயமா?" என்று ஒரு பென்ஷன்காரர் கேட்டார். தேர்தல் வரைக்கும் பேப்பர் படியுங்கள் என்றேன்.

மறுநாள் காலை ஸ்டெல்லா வந்தாள்.

அவளை எனக்கு நன்றாகத் தெரியும். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. விடியற்காலை ரயிலில் போய், ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வருகிற ஆயிரம் பேரில் ஒருத்தி. இடது கைக்காரி. அந்த மன்றத்தில் அவளை ஜெயிக்க ஆளில்லை. ஆனால் மன்றத்தை ஏழு மணிக்கே பூட்டிவிடுவோம். அவள் ரயில் வருவது எட்டு மணிக்கு. அதனால் சனி, ஞாயிறு மட்டும்தான் அவளுக்குப் பயிற்சி. வீட்டில் ஆடலாமே என்றால் அது சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை லைன் வீடு. பெரிய போர்டைப் போட்டால் இரண்டு பக்கமும் ஆள் உட்கார இடமிருக்காது, அடுப்பை வெளியே தூக்கி வைக்க வேண்டும்.

அந்த மாதம் மாநில அணிக்கான தேர்வு கோலாரில் நடக்க இருந்தது. முதல் சுற்று வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், கடைசிச் சுற்று மறுநாள். அணியில் இடம் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பக்கத்திலேயே அரசாங்க வேலைக்கு வழியுண்டு. தினமும் ரயிலில் போகும் ஐந்து மணி நேரம் மிச்சம். அதற்காகத்தான் பத்து நாள் லீவு போட்டிருந்தாள். கம்பெனியில் அடுத்த வருட லீவையும் சேர்த்துக் கேட்டு வாங்கியது.

"அங்கிள், போர்டு எங்க?"

சுவரைக் காட்டினேன். காகிதத்தில் இருந்த என் கையெழுத்தைக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"நீங்களா சுத்துனீங்க?"

"ரூல்ஸ்மா."

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். போடவில்லை. பையிலிருந்து தன் சொந்த ஸ்ட்ரைக்கரை எடுத்து, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தரையில் ஸ்ட்ரைக்கர் எங்கே ஓடும்? இரண்டடி போய் நின்றுவிடும். எழுந்து போய் எடுத்து வந்து மறுபடி அடிப்பாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். நான் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவேன், அவளைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுவேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அப்போது ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் விக்டர் காதுக்குப் போயிற்று. அவர் பிரச்சார ஆட்டோவின் மேல் பளபளவென்று ஒரு புது போர்டு கட்டியிருந்தார். ஆட்டோவை மன்றத்து வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஸ்டெல்லாம்மா, இதுல ஆடு. முச்சந்தியில பந்தல் போட்டுத் தரேன். நீ பாட்டுக்கு ஆடிகினே இரு, ஜனங்க பாத்துகினு இருக்கட்டும்."

அந்த வார்டில் மூடாத பெரிய போர்டு அது ஒன்றுதான். ஸ்டெல்லா அதை ஒரு நிமிடம் பார்த்தாள். கை வைத்து வழவழப்பைக்கூடத் தடவிப் பார்த்தாள்.

"வேணாங்க அண்ணே. நான் ஆடறது செலக்‌ஷனுக்கு. ஓட்டுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மறுபடி தரையில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு மனு எழுதி என் மேசையில் வைத்தாள். நாலே வரி. மன்றத்துப் போர்டுகளைத் திறந்துவிட வேண்டும் என்று. இனி கமிஷனரிடம் போகாமல் முடியாது. இரண்டு மனுக்களையும் என் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "ஜோராகி ஓதி."

துரைராஜின் மனுவைப் படித்தேன். ஸ்டெல்லாவின் மனுவைப் படித்தேன். 'எதிர் வேட்பாளரின் சின்னம் என்பதால் கேரம் போர்டுகள் மூடப்பட்டன' என்ற என் குறிப்பையும் படித்தேன். நாக்கு எங்கும் இடறவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் துடைத்துக்கொண்டே, "வேட்பாளர் பட்டியல்" என்றார். அதையும் எடுத்துப் படித்தேன்.

"துரைராஜ், சுயேச்சை. சின்னம், நாற்..."

அங்கே நின்றது என் நாக்கு. நஞ்சப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருமுறை பார்த்தார். மெதுவாக எழுந்து ஓரமாக நின்றுகொண்டார்.

"முந்தே?" என்றார். அடுத்து என்ன என்று கேட்கிறார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மன்றத்திலேயே விசாரணை என்று இரண்டு வேட்பாளர்களுக்கும் ஸ்டெல்லாவுக்கும் தகவல் போயிற்று. எனக்குத் தனியாக ஒரு உத்தரவு: ஒரே விதி எல்லாருக்கும். நான் காலையிலேயே போய் மன்றத்து நாற்காலிகள் அத்தனையையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக் கையெழுத்துப் போட்டேன். காகிதம் போதவில்லை. கடைசி ஆறு நாற்காலிக்கு மணமகன் தேவைப் பக்கம்தான்.

துரைராஜ் வந்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு, ஊருக்கே தெரியும். உட்கார இடம் தேடினார்.

"இன்னாய்யா இது, சேர் எங்க?"

"மூடிட்டோம் சார். உங்க சின்னம்" என்றேன்.

வாசலில் நின்றிருந்த பென்ஷன்காரர்களிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் போலவும் இருந்தது, சிரிப்பு போலவும் இருந்தது. கமிஷனர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவரும் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, துரைராஜின் மனுவைப் படிக்கச் சொன்னார். படித்தேன். நிதானமாக, இன்னொரு முறை என்றார். படித்தேன். துரைராஜ் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் முறை படிக்க நான் வாயைத் திறந்தபோது, "போதும்யா. வாபஸ். சேரைப் பிரி முதல்ல" என்றார்.

"கேரம் போர்டு?" என்றார் கமிஷனர்.

"அதையும் பிரிங்க சார். ஆடற சாமான் ஆடற சாமான்தான்."

துரைராஜைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதல் நாற்காலியைப் பிரித்ததும் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே விக்டரைப் பார்த்து, "உன் சின்னத்து மேல உக்கார முடியுமாடா?" என்று கேட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நான் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா பேசினாள்.

"ரெண்டு பேர் நோட்டீசும் படிச்சேன். விளையாட்டுக்குன்னு நெறைய எழுதிகீறீங்க. மன்றத்தை எத்தினி மணிக்குப் பூட்டுவாங்கன்னு மட்டும் யாரும் எழுதல. ரயில் வரதே எட்டு மணிக்கு. வேலைக்குப் போறவங்க எப்ப வந்து ஆடறது?"

இது விசாரணையில் இல்லாத விஷயம். தேர்தல் நேரத்தில் அதிகாரி முன்னால் வாக்குறுதி கேட்பது சரியா, தவறா என்று எனக்குத் தெரியவில்லை. நஞ்சப்பா திடீரென்று கூரையில் ஏதோ ஒழுகல் இருப்பது போல அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். தடுக்கவில்லை.

"ஒம்பது மணி" என்றார் விக்டர்.

"ஒம்பதரை" என்றார் துரைராஜ்.

"பத்து!"

வாட்ச்மேன் பலமாகச் செருமினார். ஒன்பதரையில் நின்றது. அத்தனை வருடத்தில் நான் கேட்ட கலை, விளையாட்டு வாக்குறுதிகளில், மணி போட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

அன்று மத்தியானமே ஸ்டெல்லா ஆட உட்கார்ந்தாள். நான் அவளிடம் போய், "நாலு நாள் போச்சும்மா. என் தப்புதான்" என்றேன். காய்களை அடுக்கிக்கொண்டே, "தரையில அடிச்சு அடிச்சு வெரல் கெட்டியாயிடுச்சு அங்கிள்" என்றாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை.

வாக்குப்பதிவு நாளில் நான் ரிசர்வ் ஆள். சாம்பியன் ரீப்ஸ் வாக்குச்சாவடியில் விரலில் மை வைக்கும் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று காலையில் என்னை அனுப்பினார்கள். பத்து மணிக்கு ஸ்டெல்லா வந்தாள். முந்தின நாள் கோலாரில் முதல் சுற்றைத் தாண்டியிருந்தாள். சீட்டைக் காட்டிவிட்டு என் முன்னால் இடது கையை நீட்டினாள்.

குச்சியை மைப்புட்டியிலேயே வைத்துக்கொண்டேன். இடது ஆள்காட்டி விரல். அவள் ஸ்ட்ரைக்கரைத் தட்டுகிற விரல். விதி அந்த விரலைத்தான் சொல்கிறது. அவளோ நாளைக்கு அந்த விரலை வைத்துத்தான் ஆட வேண்டும். நகத்தில் மை காய்ந்து திட்டாக நின்று, ஸ்ட்ரைக்கர் ஒரு நூல் பிசகிவிட்டால்? போன தடவை ரூல்ஸ் என்று சொல்லி நாலு நாளைத் தின்றவன் நான்.

"வேற வெரல்ல வெக்கட்டுமா?" என்று கேட்டேன். முப்பது வருட உத்தியோகத்தில் விதியை மீறலாமா என்று நானே கேட்டது அன்றுதான்.

"இன்னாத்துக்கு அங்கிள்? அந்த வெரல்லயே வைங்க. ஓட்டும் அதுதான் போடுது, ஆட்டமும் அதுதான் ஆடுது" என்றாள்.

குச்சியைத் தொட்டு, நகத்தின் மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தேன். குச்சியை எடுக்கும்போது கோடு கோணலாகி, தோலில் ஒரு வால் விழுந்துவிட்டது. அவள் விரலை ஊதிக்கொண்டே ஓட்டுப் போடப் போனாள். மறுநாள் சாயங்காலம் கோலாரிலிருந்து, அணியில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்த பிறகுதான் நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

துரைராஜ்தான் ஜெயித்தார். கலையரங்கம் இன்னும் வரவில்லை. ஆனால் நான் ஓய்வு பெறும் முன், மன்றத்தின் நேரத்தை ஒன்பதரை வரை நீட்டும் குறிப்பை எழுதிக்கொண்டுபோய் நஞ்சப்பா முன்னால் நின்று சத்தமாகப் படித்தேன். ஓர் எழுத்தும் இடறவில்லை. அந்த இரண்டு வருடத்தில் அவர் கையெழுத்தை அவ்வளவு சீக்கிரம் வாங்கிய குறிப்பு வேறில்லை. இன்றைக்கும் ரயில் வந்த பிறகு அங்கே நான்கு போர்டும் நிறைந்திருக்கிறது. ஸ்டெல்லா இப்போது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பங்காருப்பேட்டையில் அரசாங்க வேலை பார்க்கிறாள். வீட்டிலிருந்து கொஞ்ச நேரப் பயணம்.

நேற்று பவித்ராவைக் கூப்பிட்டேன். புகாரைக் கையில் வைத்துக்கொண்டு மன்றத்தில்தான் நின்றிருந்தாள். புகாரைச் சத்தமாகப் படி என்றேன். படித்தாள். போட்டோவில் இருக்கும் பெண் கேரம் ஆடுவதால் வாக்காளர் மனம் மாறும் என்ற இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"புரிஞ்சுது சார். மூடல. தூசி மட்டும் தொடைச்சு மாட்டிடறேன்" என்றாள். ஏதோ துணியால் தேய்க்கும் சத்தம் கேட்டது. "ஆனா சார், அந்தப் பொண்ணு வெரல்ல ஏதோ கறை பட்டுகீது. எவ்ளோ தொடைச்சாலும் போவல."

"கோணலா, ஒரு வால் விட்டுகினு இருக்குதா?"

"ஆமா சார்."

"தேய்க்காதேம்மா. அது நான் வெச்சது."